லுங்கி முடிச்சும் மடியில் மறைத்த துப்பாக்கியும்

இந்த ஆண்டு மலருக்கு என் பணிக்கால அனுபவங்களை எழுதித் தருமாறு கேட்ட ஆசிரியர், இளைய மருத்துவர்களுக்குப் பயன்படும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார். சந்தேக மரணங்களில் உடலைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்குக் கருத்துரைக்கும் மருத்துவனாக இந்த யாங்கோன் நகரில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எழுதுவதற்கு விஷயம் உண்டு. தொடர்ந்து உட்காரத்தான் முடிவதில்லை. என் மேசை சன்னலோரம் இருக்கிறது. கீழே லான்மடாவ் தெரு. நடந்து செல்லும் ஆண்களில் எவராவது இடுப்புக்குக் கை கொண்டுபோனால் எழுந்துவிடுகிறேன். அந்தக் கை மீண்டும் வெளியே வரும்வரை நிற்கிறேன். பிறகு அமர்ந்து, விட்ட வாக்கியத்தைத் தேடுகிறேன். கட்டுரை அங்கங்கே அறுந்திருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் ஆண்களின் கை இடுப்புக்குப் போவது புதிதன்று. தைத்த உருளைத் துணியை இருபுறமும் சிறகுபோல் விரித்து, இழுத்து, மடித்து, நடுவயிற்றில் முடிச்சிட்டுச் செருகுகிறோம். அது நெகிழ்கிறது, மறுபடி விரித்துக் கட்டுகிறோம். பேருந்து நிறுத்தத்தில், தேநீர்க் கடையில், துக்க வீட்டில், பேச்சு நிற்காமலே கை அதைச் செய்துவிடுகிறது. பணப்பையைப் பின்னிடுப்பில் செருகுவதும் அப்படியே. வெளிநாட்டில் படிக்கப் போன காலத்தில் கால்சட்டைக்குள் இருந்த எனக்கு, இடுப்பில் வேலையில்லாமல் கைகள் தவித்தது நினைவிருக்கிறது. அந்தப் படிப்பைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலைக் கற்றது திரும்பி வந்து சயாஜியிடம் சேர்ந்த பிறகுதான்.

இங்கே ஆசிரியரையும் மருத்துவரையும் சயா என்பார்கள்; எங்கள் துறைத் தலைவரைப் பெரிய ஆசான் என்ற பொருளில் சயாஜி என்றே அழைத்தோம். மெலிந்த உருவம். பரிசோதனைக் கூடத்துக்குள் வந்ததும் சட்டைக் கைகளை முழங்கை வரை ஒரே அகலத்தில் மடிப்பார். அது முடியும்வரை யாரும் பேசக்கூடாது. கோபம் வந்தால் குரல் தாழும். "இருக்கலாம்" என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்தினால், "எது?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாங்கள் பிணங்களைவிட அதிகம் அஞ்சினோம்.

அவருடைய முறை, துணியிலிருந்து தொடங்குவது. உடலோடு வந்த லுங்கியின் முடிச்சை ஒருபோதும் அவிழ்க்கக்கூடாது. பின்பக்கத்தில் நீளவாக்கில் வெட்டி, முடிச்சு முடிச்சாகவே இருக்கும்படி கழற்றி, வெள்ளைத் தாளின்மேல் பரப்ப வேண்டும். மடிப்பு எந்தத் திசையில் விழுந்திருக்கிறது, நுனி எந்தப் பக்கம் செருகப்பட்டிருக்கிறது என்று வரைய வேண்டும். துளைகள் இருந்தால் மடிப்புகளின் வழியே ஊசியில் நூல் கோத்து, எந்தத் துளை எதனோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே உடலைத் தொட அனுமதிப்பார்.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியின் என்ற ஊரிலிருந்து அந்த வழக்கு வந்தது நான் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில். பாகோ ஆற்றின்மேல் அப்போது பாலம் இல்லை; படகில்தான் கடக்க வேண்டும். சில வணிகர்களிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஒரு மர வணிகர், வசூல் பணத்தோடு படகுத் துறையில் நின்றிருந்தார். எதிரே சிமெண்ட் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். வணிகர் சட்டைக்குள், மடியில் செருகியிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். தொழிலாளி அங்கேயே இறந்தார்.

வணிகரின் வாக்குமூலம் எளிமையானது. அந்த மனிதரை அவருக்கு முன்பின் தெரியாது. நேராக என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார், சட்டென்று இடுப்பில் கை வைத்தார், கத்தியை உருவுகிறார் என்று நினைத்துச் சுட்டேன் என்றார். கத்தி எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் கூடத்துக்கு வந்த உடலில் லுங்கி நன்றாக, இறுக்கமாக முடிச்சிடப்பட்டிருந்தது. கை இடுப்பருகே போயிருந்தால் முடிச்சு இப்படி இருக்காது. ஆகவே வணிகர் பொய் சொல்கிறார், இது வேண்டுமென்றே செய்த கொலை என்பது காவல்துறையின் வாதம். நானும் அவ்வாறே கருதிக் குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

சயாஜி முடிச்சின்மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தன்னெதிரே நிற்கச் சொன்னார்.

"என் லுங்கியைக் கட்டு," என்றார்.

"சயா?"

"கட்டுய்யா. நான் செத்துட்டேன். எனக்கு மானம் இருக்கு. கட்டு."

எதிரே நின்று, கூச்சத்தோடு கட்டினேன். குனிந்து பார்த்தேன். நானே எனக்குக் கட்டிக்கொள்ளும்போது நுனி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது விழுந்திருந்தது. தாளின்மேல் இருந்த முடிச்சிலும் அப்படியே.

அதன்பின் படகுத் துறையில் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. விழுந்தவரின் லுங்கி கலைந்து கிடந்திருக்கிறது. உடன் வேலை செய்தவர்கள், நண்பனைப் பொதுமக்கள் முன் அப்படிக் கிடத்த மனமின்றி, தூக்குவதற்கு முன் நன்றாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை; சொல்ல வேண்டிய செய்தி என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் வேறு எவர் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

நூல் கோத்துப் பார்த்தோம். கட்டிய நிலையில் நடுவயிற்றில் பல மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அங்கே பாயும் குண்டு ஒவ்வொரு மடிப்பிலும் துளையிட வேண்டும். இந்தத் துணியின் முன்பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு துளை. சுடப்பட்ட கணத்தில் லுங்கி விரிந்திருந்தது. விரிந்த துணியின் இரு ஓரங்களிலும், ஒன்றுக்கொன்று எட்டத்தில், வியர்வையில் குழைந்த சிமெண்டில் விரல் தடங்கள் பதிந்திருந்தன. ஒரு பக்கம் வலக் கை, மறுபக்கம் இடக் கை. அந்த மனிதரின் இரு கைகளும் துணியைப் பிடித்திருந்தன. அவர் லுங்கி கட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, வணிகர் பொய் சொல்லவில்லை. கை இடுப்புக்குப் போனது உண்மை. நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் சயாஜி பதில் சொன்னார். கொலை நோக்கம் என்ற குற்றச்சாட்டு விழுந்தது. குறைந்த தண்டனை வந்தது. வெளியே தாழ்வாரத்தில், காவலர்களுக்கு நடுவில் நின்ற வணிகர் எங்களைக் கும்பிட்டார். நன்றி சொல்வார் என்று எண்ணினேன்.

"சயா, நானும் தினம் கட்டுறவன்தான்," என்று தன் லுங்கியைக் காட்டினார். "பொறந்ததுலேருந்து பார்த்துட்டிருக்கேன். அன்னிக்கு மட்டும் ஏன் எனக்கு அது தெரியல?"

சயாஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் படகில் தாழ்ந்த குரலில் என்னிடம், "அன்னிக்கு அவன் மடியிலயும் ஒண்ணு இருந்துச்சு. அதான்," என்றார். அவர் ஊகமாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பின்னர் ஆட்சிகள் மாறின; உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டன; என் மேசைக்குக் கத்தியாலும் கட்டையாலும் வாகனங்களாலும் இறந்தவர்களே அதிகம் வந்தனர். அந்தக் கேள்வி மறந்துபோயிற்று. அதை மீண்டும் என் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் மகன் கதிர்.

கதிருக்கு இதே தெருவில் மருந்துக் கடை. அண்மை ஆண்டுகளில் இந்நகரில் கொள்ளை எவ்வளவு பெருகிவிட்டது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி வைத்திருக்கச் சிலருக்கு அனுமதி கிடைத்ததும், அந்தச் சிலரில் சாதாரணக் கடைக்காரர் இல்லை என்பதும் எல்லோரும் அறிந்தவை. கடைக்காரருக்கும் அனுமதி வேண்டும், அதுவும் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி வேண்டும் என்று ஒரு மனுவை எங்கள் வார்டில் தொடங்கியவன் அவன். பிளாஸ்டிக் சாமான் வியாபாரி காசிம் பாயும், வெளியில் கோ அவுங் என்ற பர்மியப் பெயரில் அறியப்படும் மின்பணியாளர் ஆறுமுகமும் அவனுக்குத் துணை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருவோரிடமும், கோயில் அன்னதான வரிசையிலும், சீனர் கடைகளிலும், பகோடா வாசலிலும் கையெழுத்து வாங்கினார்கள். இந்தத் தெருவில் எல்லா மதத்தாரும் ஒரே தாளில் ஒப்பமிட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதில் கதிருக்குப் பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது, சொல்லவில்லை.

"வெளிய தெரியிற துப்பாக்கியை நாலு பேரு சேர்ந்து புடுங்கிருவானுங்க, அப்பா," என்பான். "மடியில மறைஞ்சிருந்தா, யார்கிட்ட இருக்கு, யார்கிட்ட இல்லன்னே திருடனுக்குத் தெரியாது. இல்லாதவனுக்கும் அதுதான் காவல்."

"தெரியாதவன் என்ன செய்வான்?"

"பயப்படுவான்."

"பயந்தவன்?"

"ஓடிருவான்ப்பா!" என்று சிரித்தான். "மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்வீங்களே. இந்த ஊர்ல இப்ப மடியில கனம் இல்லாதவனுக்குத்தான் பயம்."

அனுமதி வரத் தாமதமானதால் அவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். பர்மிய எழுத்தில் ஸ்டிக்கர் அச்சிட்டுக் கடைக் கதவுகளில் ஒட்டினார்கள். 'இந்தக் கடைக்காரர் மடியில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது.' வாசகம் கதிருடையது. தெரு முழுவதும் ஒட்டினார்கள். சில வாரங்கள் கொள்ளை ஏதும் நடக்கவில்லை. காசிம் பாய் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு நண்பகலில் கதிரின் கடைக்குள் ஓர் இளைஞன் நாட்டுத் துப்பாக்கியோடு நுழைந்து பணம் கேட்டான். கதிர் கொடுக்கத் தயங்கவில்லை. பணப்பை பின்னிடுப்பில் இருந்தது. அதை எடுக்கக் கையைப் பின்னே கொண்டுபோனான்.

அவன் உடலைப் பரிசோதித்தவர் என்னிடம் பயின்ற டாக்டர் ஹ்னின். தொலைபேசியில், "சயா, நீங்க வர வேண்டாம். எல்லாத்தையும் உங்க முறைப்படியே செய்வேன்," என்றார். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். அவன் வலக் கையில் என்ன இருந்தது?

"பணப்பை, சயா," என்றார்.

பிடிபட்ட இளைஞனும் அந்த மர வணிகர் சொன்னதையே சொன்னான். பணத்தை எடுக்கிறார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கதவில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான்.

காரியங்கள் முடிந்த சில நாள்களில் காசிம் பாயும் ஆறுமுகமும் வீட்டுக்கு வந்தார்கள். மருமகள் செல்வி தேநீர் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். மனுவைப் புதிதாக எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சயா, இது கதிர் தம்பி ஆரம்பிச்சது," என்றார் காசிம் பாய். "நீங்க படிச்சவங்க, கோர்ட்டுல பேசினவங்க. புள்ளைய பறிகொடுத்த தகப்பன் நீங்க. உங்க பேரு மேல இருந்தா எந்த ஆபீசுலயும் ஒதுக்க மாட்டாங்க. அல்லா மேல ஆணையா, உங்க துக்கத்தை விக்க வரல."

"அப்படிச் சொன்னாலே விக்கிற மாதிரிதான் கேக்குது, பாய்," என்றான் ஆறுமுகம்.

"நீ சும்மா இருடா. சயா, இவனுக்கு மின்சாரம் ஒண்ணுதான் பயம். அதனால வாய் நீளம்."

தன்லியின் படகுத் துறை வழக்கை அவர்களிடம் சொன்னேன். ஒற்றைத் துளையையும் சிமெண்ட் தடங்களையும் சொன்னேன். பிறகு, இயன்றவரை நிதானமாக, கதிரின் வலக் கையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வந்தவனுக்கு நம் மடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் நீங்கள் சட்டமாக்கக் கேட்கிறீர்கள் என்றேன். காசிம் பாய் தலைகுனிந்து தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரை அச்சிட்டுக் கொண்டுவந்தவர் அவர்.

பேசியது செல்வி.

"மாமா, அவருகிட்ட ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்துச்சு. துப்பாக்கி இல்ல. அதான் தப்பு."

"இருந்திருந்தாலும் அவன்தான்மா முதலில் சுட்டிருப்பான்."

"இருக்கலாம்."

சயாஜியின் பழக்கம் என் நாக்கு வரை வந்தது. எது என்று கேட்கவில்லை.

"உங்க மேசைக்கு வந்தவங்க எல்லாரும் செத்தவங்க, மாமா," என்றாள். "துப்பாக்கி கையில இருந்ததால தப்பிச்சவன் எவனாவது உங்க மேசைக்கு வந்திருக்கானா? வர மாட்டான். அவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். அவன் கணக்கு உங்ககிட்ட இல்ல. நாளைக்குக் கடையைத் திறந்து அந்த நாற்காலியில உக்காரப் போறது நான். உள்ள வர்றவன் கையைப் பார்த்துக்கிட்டு நான் உக்காரணும். நீங்க மேல சன்னல்ல இருப்பீங்க."

நான் பல வழக்குரைஞர்களின் குறுக்கு விசாரணையைச் சந்தித்தவன். அவர்களில் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. கையெழுத்திட இயலாது என்று காசிம் பாயிடம் சொன்னேன். அவர் புரிந்தவராக எழுந்தார். செல்வி அவர் கையிலிருந்த தாளை வாங்கி, எனக்காக விட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். கதிரின் பெயரையும் சேர்த்து எழுதினாள். பிறகு என் கோப்பையை எடுத்துச் சென்று கழுவினாள்.

அவர்கள் விடவில்லை. வார்டு அலுவலகம், அதன்பின் மேல் அலுவலகம். மிங்கலாடோனிலிருந்தும் தன்லியினிலிருந்தும்கூட ஒப்பங்கள் வந்து சேர்ந்தன. விதவைகள் முன்வரிசையில் நின்றார்கள். செல்வி அவர்களில் ஒருத்தி. மழைக்காலம் தொடங்குமுன் அனுமதி வந்தது. தகுதி பெற்ற கடைக்காரர்கள் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்திருக்கலாம்.

அதன்பின் இந்தத் தெருவில் எவரும் சுடப்படவில்லை என்பதை நேர்மைக்காக இங்கே பதிவு செய்கிறேன். ஒரு சிறு மாற்றம்தான் உண்டு. தேநீர்க் கடையில் ஆண்கள் எழுந்து சுவரைப் பார்த்து நின்று லுங்கி கட்டுகிறார்கள். சிலர் குரல் கொடுத்துவிட்டுக் கட்டுகிறார்கள். ஆறுமுகம் அதை வேடிக்கையாக்கிவிட்டான். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, "ஐயாமாரே, சுட்டுடாதீங்க, அவுருது!" என்பான். கடையே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகுதான் கட்டுவான்.

இளைய மருத்துவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சயாஜியின் முறை மட்டுமே. முடிச்சை அவிழ்க்காதீர்கள். அதைக் கட்டியது யார் என்று கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பயிற்சி இல்லை.

பகலுணவை நான்தான் செல்விக்குக் கடைக்கு எடுத்துச் செல்கிறேன். நேற்றும் போனேன். மழைத் தூறலில் படி இறங்கித் தெருவைக் கடக்கும்போது முடிச்சு நெகிழ்வதை உணர்ந்தேன். ஒரு கையில் தூக்குவாளி, மறுகையில் குடை. முழங்கையால் துணியை இடுப்போடு அழுத்திக்கொண்டு கடை வாசல் வரை நடந்தேன். கதவில் ஸ்டிக்கர் இருந்த இடம் சுரண்டப்பட்டு மங்கலாக இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் செல்வி, குனிந்து ஏதோ மருந்து அட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் அவள் வலக் கை மேசைக்குக் கீழே போனது. என்னை அவள் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தூக்குவாளியைப் படியில் வைத்தேன். குடையை மடக்காமல் கீழே விட்டேன். இரு கைகளும் தெரியும்படி நின்றேன். லுங்கி சரிந்துகொண்டிருந்தது.

"செல்வி, நான்தான்மா. லுங்கி கட்டப் போறேன்."

"கட்டுங்க மாமா," என்றாள், நிமிராமலே.

அவள் கை மேசைக்கு மேலே வரும்வரை காத்திருந்துவிட்டு, முடிச்சில் கை வைத்தேன்.